அத்தையின் பிஸ்கட் டின்

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் உள்ள எல்லா ஃபாரமும் பூர்த்தி செய்யத் தெரியும் என்று எங்கள் சொந்தபந்தத்தில் ஒரு மூடநம்பிக்கை. ரேஷன் கார்டில் பேர் சேர்க்கணுமா, பத்திரத்தில் சர்வே நம்பர் பார்க்கணுமா, நேரே என் வீட்டு நடைக்கு வந்துவிடுவார்கள். 'டெபிட், கிரெடிட் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது, அதுவே கொஞ்சம் சந்தேகம்' என்று சொன்னால், 'பையனுக்கு என்ன அடக்கம்!' என்று மெச்சிவிட்டு ஃபாரத்தை நீட்டுவார்கள்.

2021-ல் ஒருநாள் அப்படித்தான் தேரூர்ப் பக்கத்திலிருந்து மாமாவும் அத்தையும் வந்தார்கள். நாகர்கோவிலில் என் வீட்டு வாசலுக்கு நாலே படி. மாமா இரண்டாவது படியில் நின்று தெருவை வேடிக்கை பார்த்தார். தெருவில் ஒன்றுமே இல்லை. மூச்சு வாங்குவதை மறைக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுசீந்திரம் தேரோட்டத்தில் வடம் பிடித்தால் முன்வரிசைதான் என்று அடம் பிடித்த மனுஷன்!

"மக்கா, ஒரு ஃபாரம் எழுதணும்டே."

"என்ன ஃபாரம் மாமா?"

"அதுதான் தெரியல்ல. நஷ்டஈடு கேக்கதுக்கு ஃபாரம் உண்டும்லா?"

"யார்கிட்ட கேக்கப் போறீங்க?"

"பம்பாய் கம்பெனிக்காரன்கிட்ட."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா பம்பாயை விட்டு வந்தது 1996-ல். இருபத்தஞ்சு வருஷம் கழித்து என்ன நஷ்டஈடு? கடன் பாக்கியே மூணு வருஷத்தில் காலாவதியாகிவிடும் என்றுதான் எனக்குக் காலேஜில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அத்தைதான் விஷயத்தைச் சொன்னாள். நாலு வருஷமாக மாமாவுக்கு இருமல். ஒரு டாக்டர் டி.பி. என்று ஆறு மாசம் மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் ஆஸ்துமா என்று உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். மூன்றாமவர் ஃபீஸ் வாங்கிக்கொண்டு 'வயசாயிட்டு, அவ்வளவுதான்' என்றார். கடைசியாகப் பார்த்தது ஒரு சின்னப் பையன் டாக்டர். அவர் கேட்ட முதல் கேள்வி, "அய்யா என்ன வேலை பார்த்தீங்க?"

அதுவரை யாருமே அதைக் கேட்கவில்லை.

மாமா 1978-ல் இருபத்திரண்டு வயசில் பம்பாய் போனவர். அங்கே ஒரு தொழிற்சாலையில் (பேர் வேண்டாம், கேஸ் நடக்கிறது) காண்ட்ராக்டர் மூலமாக 'லேக்கிங்' வேலை. பாய்லரிலிருந்து நீராவி போகிற குழாய்களில் சூடு வெளியே போகாமல் இருக்க மேலே ஒரு போர்வை போர்த்துவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் பொடியைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து குழாயில் பூசுவது, ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுவது, பழசாகிப் போனதைச் சுத்தியலால் தட்டி உதிர்ப்பது. இந்த உதிர்க்கிற வேலைதான் ரொம்ப மோசம். பதினெட்டு வருஷம் இதே வேலை. மூக்குக்குத் துணி? "தலையில கெட்டின துண்டைக் கொஞ்சம் கீழ எறக்கி விட்டுக்கிடுவோம்."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்க ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றுச் சுருள்தான் தலையணை. மெத்துமெத்தென்று இருக்குமாம்! அதோடு விட்டாரா? லீவில் ஊருக்கு வரும்போது அத்தைக்கு ஒரு ஆஸ்பெஸ்டாஸ் துணித் துண்டு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கை சுடாமல் சோற்றுப் பானையை இறக்குவதற்கு. அது நைந்து பஞ்சாகும் வரை அத்தை புழங்கியிருக்கிறாள். இதைக் கேட்ட டாக்டர் அத்தைக்கும் ஒரு எக்ஸ்-ரே எழுதிக் கொடுத்தார். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

மாமாவுக்கு இருந்தது. ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதி முழுக்கத் தழும்பு. அதைச் சுற்றிய உறையில் சுண்ணாம்புத் திட்டுகள். நோயின் பேர் ஆஸ்பெஸ்டோசிஸ்.

இந்த ஆஸ்பெஸ்டாஸ் ஒரு வினோதமான கல். கல்தான், ஆனால் நார் நாராகப் பிரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிசான நார். மூச்சோடு உள்ளே போனால் கரையாது, மட்காது, நுரையீரலை விட்டு லேசில் வெளியேறவும் செய்யாது. உடம்பு அதோடு சண்டை போட்டுப் போட்டுச் சதையெல்லாம் தழும்பாகிவிடும். தழும்பு விரியாது. விரியாவிட்டால் காற்று ஏது? இதில் சங்கடம் என்னவென்றால், நோய் தலைகாட்டப் பத்து, இருபது வருஷம் எடுத்துக்கொள்ளும். ஆஸ்பெஸ்டாஸால் வருகிற மீசோதெலியோமா என்கிற புற்றுநோய்க்கு நாற்பது வருஷம்கூட ஆகலாம். அதற்குள் வேலை முடிந்து, காண்ட்ராக்டர் போய்ச் சேர்ந்து, தொழிற்சாலை இருந்த இடத்தில் பன்னிரண்டு மாடி ஃப்ளாட் எழும்பி, கீழே நீச்சல் குளமும் வெட்டியிருப்பார்கள். மாமா வேலை பார்த்த இடத்தில் அதுதான் நடந்தது.

ஃபாரம் தேடி ஒரு வக்கீல் நண்பனிடம் போனேன். அவன் முதலில் ஒரு கதை சொன்னான். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்று ஒரு பெண். டர்னர் பிரதர்ஸ் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனியில் நூல் நூற்றவள். மூச்சு முட்டிப் படுக்கையில் விழுந்தாள். நோய்க்கால உதவி கேட்டால், 'இது வேலையால் வந்த நோய், கம்பெனியிடம் கேள்' என்றார்கள். கம்பெனியிடம் கேட்டால், 'இப்படி ஒரு நோயே சட்டத்தின் பட்டியலில் இல்லை' என்றார்கள். 1924 மார்ச்சில் 33 வயசில் செத்துப் போனாள். ஒரு பென்னி கிடைக்கவில்லை. அவள் நுரையீரலைச் சோதித்த குக் என்ற டாக்டர் அதே வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பிறகுதான் இந்த நோய்க்கு ஒரு பேரே வந்தது.

"நெல்லி செத்து நாலு மாசத்துல, 1924 ஜூலை ஒண்ணாம் தேதி, நம்ம ஊர்ல தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அமலுக்கு வந்துது. 1923-ஆம் வருஷச் சட்டம். உங்க மாமா நோய் அதோட தொழில் நோய்ப் பட்டியல்ல பின்னால சேந்துட்டு. அதனால மாமா நெல்லியவிட அதிர்ஷ்டசாலி" என்றான் வக்கீல்.

அதிர்ஷ்டம் அந்த வரியோடு முடிந்தது.

பட்டியலில் நோய் இருக்கிறது, சரி. ஆனால் நஷ்டஈடு கேட்க இரண்டு வருஷம்தான் கெடு. வேலையை விட்ட பிறகு நோய் தலைகாட்டினால்? அதற்கும் ஒரு விதி உண்டு. வேலையை விட்ட இரண்டு வருஷத்துக்குள் அறிகுறி தெரிந்தால், தெரிந்த நாளையே விபத்து நடந்த நாளாக எடுத்துக்கொள்வார்கள். இருபது வருஷம் பதுங்கியிருக்கிற நோய்க்கு இரண்டு வருஷக் கெடு! இந்த விதியை எழுதியவருக்கு யாரோ சளிக்காய்ச்சலைக் காட்டி 'இதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ்' என்று சொல்லியிருப்பார்கள் போல. போனால் போகிறது என்று ஒரு ஜன்னல் மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் கமிஷனர் மனுவை ஏற்கலாம். நாங்கள் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போனோம்.

கெடுவைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலிக்காரர்கள் சாட்சி. எட்டர்னிட் என்ற கம்பெனியின் ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலையால் கசாலே மான்ஃபெராட்டோ என்கிற ஊரே நாசமானது. தொழிலாளி மட்டுமில்லை, பக்கத்துத் தெருக்காரர்களும் செத்தார்கள். கம்பெனியை நடத்திய ஸ்டீஃபன் ஷ்மித்ஹைனி என்ற கோடீஸ்வரருக்கு 2012-ல் டூரின் கோர்ட் 16 வருஷம் தண்டனை போட்டது. அப்பீலில் அது 18 ஆயிற்று. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மொத்தத்தையும் ரத்து செய்துவிட்டது. காரணம், காலாவதி! கோர்ட்டுக்கு வெளியே விதவைகள் நின்று கத்தினார்கள்.

நம் நாட்டிலும் ஒரு பெரிய தீர்ப்பு உண்டு. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் 1986-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. தீர்ப்பு வந்தது 1995 ஜனவரி 27. ஒன்பது வருஷம், நம் ஊர்க் கணக்குக்கு சீக்கிரம்தான். எழுதியவர் நீதிபதி கே. ராமசாமி. உயிர் வாழும் உரிமை என்றால் அதில் தொழிலாளியின் ஆரோக்கியமும் அடக்கம், வேலையில் இருக்கும்போது மட்டுமில்லை, வேலையை விட்ட பிறகும்தான் என்று சொன்ன தீர்ப்பு. குஜராத் தொழிலாளர்களை அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் மறுபடி பரிசோதிக்க வேண்டும், நோய் உறுதியானால் மூன்று மாசத்துக்குள் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாயைக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு.

எல்லாரும் அந்த ஒரு லட்சத்தைத்தான் பேசுவார்கள். கணக்குப் படித்த எனக்கு வேறொரு வரிதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்ட நாளிலிருந்து 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரைக்கும் கம்பெனி வைத்திருக்க வேண்டும்! இந்த நோயின் குணம் தெரிந்து எழுதிய வரி இது. ரூபாய் செலவாகிவிடும். பதிவேடு இருந்தால்தானே ரூபாயே கேட்க முடியும்?

உடனே மாமாவுக்குக் கணக்குப் போட்டேன். 1978-ல் சேர்ந்தார், கூட்டு நாற்பது: 2018. 1996-ல் விட்டார், கூட்டு பதினைஞ்சு: 2011. பிந்தியது 2018. நோயைக் கண்டுபிடித்தது 2021. மூணு வருஷம் லேட். டி.பி. மாத்திரை, உறிஞ்சுகிற மருந்து, 'வயசாயிட்டு' எல்லாம் சேர்ந்து அந்த வருஷங்களைத் தின்றுவிட்டன.

ஆனாலும் எழுதிக் கேட்டோம். தொழிற்சாலைதான் மூடியது, கம்பெனி பேர் மாறி, கை மாறி உயிரோடு இருக்கிறது. அதன் ஆண்டறிக்கையை வரவழைத்துப் படித்தேன். 'கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி' என்று பேலன்ஸ் ஷீட்டுக்கு அடியில் ஒரு குறிப்பு போடுவார்கள். வந்தாலும் வரலாம் என்கிற கடன்களின் பட்டியல். வருமான வரித் தகராறு, விற்பனை வரித் தகராறு, பாங்க் உத்தரவாதம், எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. எங்க மாமாவின் நுரையீரல் இல்லை.

பதில் கடிதம் ரொம்ப மரியாதையாக வந்தது. 'தாங்கள் குறிப்பிடும் நபர் எங்களிடம் பணிபுரிந்ததற்கான ஆவணம் எதுவும் எங்களிடம் இல்லை.'

காண்ட்ராக்டர் மூலம் வைத்த ஆளுக்கும் முதன்மைக் கம்பெனி பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஆள் அங்கே வேலை பார்த்தான் என்று யார் சொல்வது? மாமாவிடம் பி.எஃப். சீட்டு கிடையாது. சம்பளச் சீட்டு கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்-ரே எடுப்பார்களாம், அதைக் கண்ணிலேயே காட்டியதில்லையாம். சட்டையில் குத்தின கேட் பாஸ்? "கடைசி நாள் திருப்பிக் குடுத்தாத்தான் பாக்கி சம்பளம்ன்னான். குடுத்துட்டேன்."

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டான். நானும் எழுந்துவிட்டேன்.

அப்போது அத்தை, "மணியார்டர் துண்டு போதுமா?" என்றாள்.

மணியார்டர் ஃபாரம் உங்களில் வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய முறை மணியார்டர் 2015-ல் போய்விட்டது. ஃபாரத்தின் அடியில் ஒரு சின்னத் துண்டு இருக்கும். அனுப்புகிறவர் விலாசமும், இரண்டு வரி சேதியும் அதில் எழுதலாம். ரூபாயைக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கிழித்து போஸ்ட்மேன் நம்மிடம் கொடுப்பார். 1983-ல் கல்யாணம் ஆனதிலிருந்து மாமா அனுப்பிய ஒவ்வொரு மணியார்டரின் துண்டையும் அத்தை ஒரு பம்பாய் பிஸ்கட் டின்னில் போட்டு மச்சில் வைத்திருந்தாள். (அதற்கு முந்தினதெல்லாம் எங்க ஆச்சிக்கு வந்தவை. ஆச்சி சிக்கனக்காரி, அடுப்புப் பற்றவைக்க உபயோகித்துவிட்டாள்.) எண்ணிப் பார்த்தேன். நூற்று முப்பத்தேழு துண்டு. ஒவ்வொன்றிலும் தேதியோடு தபால் முத்திரை. அனுப்புநர் விலாசத்தில் மாமாவின் பேர், அடுத்த வரியில் கம்பெனி பேர், 'பாய்லர் ஹவுஸ், லேக்கிங் செக்‌ஷன்'. ரூமில் தபால் தொலைந்துபோகும் என்று கம்பெனி விலாசத்தையே போட்டிருக்கிறார்!

1989-ல் வந்த ஒரு துண்டில் இப்படி இருந்தது: 'பாய்லர் நிறுத்தி இருக்கிறார்கள். ராத்திரியும் வேலை. ரூ.600 அனுப்பி உள்ளேன். தூசி அதிகம். இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறேன். கவலை வேண்டாம்.'

வக்கீல் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினான்.

"இதை எதுக்கு அத்தை இவ்வளவு வருஷம் வச்சிருந்தீங்க?"

"பின்ன, உங்க மாமா காயிதமா எழுதுவாரு? வருசத்துல அவரு எங்கிட்டப் பேசினதே அதுலதான்."

டின்னில் ஒரு போட்டோவும் இருந்தது. ஆயுத பூஜையன்று பாய்லருக்கு முன்னால் பதினோரு பேர், கழுத்தில் மாலை. தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. மாவு மில்லில் எடுத்தது என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தப் பதினோரு பேரில் ஆறு பேர் இல்லை. என்ன நோய் என்று கேட்டால் ஆறு வீட்டிலும் ஒரே பதில்: 'டி.பி.ன்னு சொன்னாங்க.' மிச்ச பேரில் இரண்டு பேரைத் திருநெல்வேலிப் பக்கம் கண்டுபிடித்து வாக்குமூலம் வாங்கினோம்.

மனு 2022-ல் தாக்கலானது. இதற்காக பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டியதில்லை. எங்கே வேலை பார்த்திருந்தாலும் தான் குடியிருக்கிற இடத்துக்குரிய கமிஷனரிடமே மனுப் போடலாம் என்று 1995-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். மூன்று படி ஏற முடியாத மனுஷனுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று யோசித்துப் பாருங்கள். வக்கீல் நண்பன் இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பார்க்கலாம். தொழிலாளிக்கு இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு நடப்பது பழைய 1923 சட்டத்தின்படி. 2025 நவம்பர் 21-லிருந்து அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. தொழில் நோய்ப் பட்டியல் அதிலும் உண்டு, ஆஸ்பெஸ்டோசிஸும் அதில் உண்டு.

எவ்வளவு கிடைக்கும் என்கிறீர்களா? அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் 60 சதவீதம். அதை வயசுக்கு என்று சட்டம் கொடுத்திருக்கிற எண்ணால் பெருக்கணும். பதினாறு வயசுப் பையனுக்கு 228.54. அறுபத்தஞ்சுக்கு மேலே எல்லாருக்கும் 99.37. வயசு ஏற ஏற மனுஷனுக்குத் தேய்மானம்! மெஷினுக்குப் போடுகிற டிப்ரிசியேஷன்தான், பேர் வேறு. அப்புறம் எத்தனை சதவீதம் உழைக்கும் சக்தி போயிற்றோ அதால் பெருக்கணும். மாமாவுக்கு டாக்டர் போட்டது 50 சதவீதம். 1996-ல் மாமா வாங்கிய சம்பளம் 2,200. பெருக்கிப் பார்த்தால் 65,584 ரூபாய். இன்றைய கூலியை வைத்து, சட்டம் ஒப்புக்கொள்கிற உச்சவரம்பான 15,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் 4,47,165. எந்தச் சம்பளம் என்பதில்தான் இப்போது இரண்டு வக்கீல்களுக்கும் மல்லுக்கட்டு. எதிர்த்தரப்பு 1996-ஐ விட்டு ஒரு அங்குலம் நகர மாட்டேன் என்கிறது. நோய் 2021-ல் வந்தது என்று காலாவதி பேசும்போது மட்டும் 2021-க்கு வருவார்கள், உடனே திரும்பிப் போய்விடுவார்கள்.

மாமாவை அவர்கள் குறுக்கு விசாரணை செய்த அன்று நானும் இருந்தேன். கம்பெனி வக்கீல் நல்ல மனுஷர்தான். 'உட்கார்ந்தே பதில் சொல்லுங்க பெரியவரே' என்றார்.

"பீடி, சிகரெட் உண்டா?"

"வெத்தில போடுவேன். பொகையில கிடையாது."

"உங்க வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தானே?"

"அடுக்களைக்கு மட்டும் போட்டிருந்தேன். 2017-ல ஒக்கி கொண்டு போய்ட்டு. இப்பம் தகரம்."

"அப்போ ஷீட்டுக்குக் கீழே பல வருஷம் இருந்திருக்கீங்க. இந்த நோய் அதிலிருந்து ஏன் வந்திருக்கக் கூடாது?"

மாமா யோசித்தார். மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. "சார், ஷீட்டு எனக்கு மேல கெடந்துது. கம்பெனியில நான் அதுக்குள்ள கெடந்தேன்."

டைப் அடிக்கிற அம்மா நிமிர்ந்து பார்த்தார். கம்பெனி வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் வெட்டப் புதுக் குத்தகை கொடுப்பதை 1986-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக ரஷ்யாவிலிருந்து, கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. தடை கேட்டு வந்த வழக்கை 2011-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. 1995 உத்தரவுகளை ஒழுங்காக அமல்படுத்துங்கள் என்றது. ஆக, பிசைகிறவர்களும் அறுக்கிறவர்களும் இன்னமும் இருக்கத்தான் செய்கிறார்கள். நம் மாவட்டத்துப் பையன்கள் வளைகுடாவில் இன்சுலேஷன் வேலை, கப்பல் பழுது வேலை என்று போகிறார்களே, பழைய குழாயைத் தட்டி உதிர்க்கச் சொன்னால் அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கப்பா. அந்த கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்கும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இப்போது மணியார்டர் துண்டு இல்லை. பாங்கில் போடுகிற ரூபாய் பேசவும் செய்யாது.

போன மாசம் பதினாலாவது வாய்தா. கமிஷனர் லீவு. வேறு தேதி கொடுத்தார்கள். மாமாவை ஆட்டோவில் ஏற்றும்போது கேட்டார், "மக்கா, நான் இல்லாமப் போனாலும் கேஸ் நடக்குமாடே?"

"நடக்கும் மாமா. அத்தை நடத்தலாம். சட்டத்துல அதுக்கு இடம் உண்டு."

"சரி" என்றார். நிம்மதியா, கவலையா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை என்னிடமிருந்து புது வாய்தாச் சீட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேதியைப் படித்தாள். முந்தானையில் முடிந்துகொண்டு, "இதுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டியாடே?" என்றாள்.

எடுக்கவில்லை. ஆட்டோவைக் காக்கச் சொல்லிவிட்டு எதிர்க் கடைக்கு ஓடினேன்.